தாளைக் கொளுத்தினால் என்ன?

பொங்கல் முடிந்த இரண்டாவது ஞாயிறு மதுராந்தகம் பக்கம் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சம்பா அறுவடை இயந்திரம் வந்து போய் நாலு நாள் ஆகியிருந்தது. கையால் அறுத்த காலத்தில் தாள், அதாவது அறுத்த பின் நிற்கும் அடித்தண்டு, தரையோடு ஒட்டி நிற்கும். இயந்திரம் அதை ஒரு முழ உயரத்துக்கு விட்டுவிட்டு, வைக்கோலையும் கசக்கித் துப்பிவிட்டுப் போகிறது. மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வைக்கோலைக் கட்டாகக் கட்டித் தரும் வண்டிக்காரர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். எங்கேயோ இரண்டு வயல் தள்ளிப் புகை எழுந்தது.

“நாமளும் கொளுத்திடலாம்னு பாக்கறேன்” என்றார் சித்தப்பா.

வேண்டாம், மடக்கி உழுதுவிடுங்கள், மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் தின்னும் என்றேன். தின்னு என்ன பண்ணும் என்று கேட்டார். நம்மைப் போல மூச்சு விடும், கரியமில வாயு வெளியே போகும் என்றேன். அவர் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: “நெருப்பு வச்சாலும் காத்துல போவுது. மண்ணுல போட்டாலும் காத்துலதான் போவுதுன்னு நீயே சொல்ற. அப்புறம் டீசலைச் செலவு பண்ணி மடக்கி உழுவறது எதுக்கு பாப்பா?”

முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் நான் அவருக்குப் பாப்பாதான். அது போகட்டும். முதுகலை படித்தபோது நான் மாதக்கணக்கில் அளந்தது இந்த மூச்சைத்தான். அதுவும் இதே சித்தப்பாவின் வயல் மண்ணில். ஆனாலும் அன்றைக்கு வாயில் பதில் வரவில்லை. தாம்பரம் வரைக்கும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

2012-ஆம் வருஷம். சென்னையில் தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு. வெளியூர்களில் அதைப் போலப் பல மடங்கு. நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். ஆய்வகத்தில் ஒரு பழைய இன்குபேட்டர் இருந்தது, ஒரு ஏசி அறை இருந்தது, அவ்வளவுதான். சித்தப்பா வயலிலிருந்து அரிசிப் பையில் மண் கொண்டு வந்து சலித்து, அகல வாய் பாட்டில்களில் போட்டேன். சிலவற்றில் வெறும் மண். சிலவற்றில் பொடியாக நறுக்கிய வைக்கோல் கலந்த மண். சிலவற்றில் காய்ந்த கடலைக்கொடி. பாதிப் பாட்டில்கள் 25 டிகிரி அறையில், பாதி 35 டிகிரி இன்குபேட்டரில். ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ஒரு சின்னக் குப்பியில் காஸ்டிக் சோடா கரைசல். மண்ணிலிருந்து வரும் கரியமில வாயுவை அது உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை குப்பியை வெளியே எடுத்து, பேரியம் குளோரைடு ஊற்றினால் உறிஞ்சிய வாயு வெள்ளையாக அடியில் இறங்கும். மிச்சமிருக்கும் சோடாவை பினாப்தலீன் போட்டு, பியூரெட்டிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்க வேண்டும். ரோஸ் நிறம் சட்டென்று மறைகிற இடம்தான் கணக்கு. அமிலம் குறைவாகப் பிடித்தால் மண் நிறைய மூச்சு விட்டிருக்கிறது என்று அர்த்தம். 1 நார்மல் செறிவுள்ள அமிலம் 1 மில்லி குறைந்தால் 6 மில்லிகிராம் கார்பன்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு வயல் மண்ணில் என்ன ஆராய்ச்சி என்று அப்போது நிறையப் பேர் கேலி செய்தார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு தகவலை வைத்திருந்தேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேரே சைதாப்பேட்டையில்தான் இருக்கிறது. 1868-இல் இங்கே தொடங்கிய விவசாயப் பள்ளிதான் 1906-இல் கோவைக்குப் போனது. இப்போது சைதாப்பேட்டையில் அதற்கு ஒரு புல் கூட சாட்சி சொல்லாது, அது வேறு.

சரி, பாட்டில்கள். மின்வெட்டு வந்தால் 35 டிகிரி பெட்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மே மாதச் சென்னையே அதற்கு இன்குபேட்டர். அடி வாங்கியது 25 டிகிரி அறைதான். ஏசி நின்ற அரை மணி நேரத்தில் அறை புழுங்க ஆரம்பித்துவிடும். நோட்டில் 25, 35 என்று 10 டிகிரி இடைவெளி. நிஜத்தில் எத்தனையோ மணி நேரம் அந்த இடைவெளி பாதிதான் இருந்திருக்கும். இது போதாதென்று முதல் பத்து நாள் நான் வெறும் பாட்டில் வைக்கவே இல்லை. மண்ணே போடாமல், சோடா குப்பி மட்டும் வைத்து மூடிய பாட்டில். பாட்டிலுக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்றிலும், திறந்து மூடும்போது நாம் விடும் மூச்சிலும் இருக்கிற வாயுவை சோடா குடித்துவிடும்; அதைக் கழிக்க அந்த வெறும் பாட்டில் வேண்டும். இல்லாவிட்டால் அறையின் மூச்சையும் மண்ணின் கணக்கில் எழுதிவிடுவோம். எழுதினேன். என் ஆய்வு வழிகாட்டி பத்து நாள் கணக்கையும் சிவப்பு மையால் அடித்தார்.

மறுபடி முதலிலிருந்து செய்ததில் கிடைத்தது வினோதமாக இருந்தது. எல்லாப் பாடப் புத்தகமும் சொல்கிற விதி ஒன்று உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் வேகம் சுமார் இரண்டு மடங்கு ஆகும். டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் வேதிவினைகளுக்குச் சொன்னது அது. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901-இல் வாங்கியவர். அந்த மடங்குக்கு க்யூ-10 என்று பெயர். மண்ணுக்கும் 2 என்று போட்டுக் கணக்கிடுவது ரொம்ப நாள் வழக்கம். என்னுடைய வெறும் மண் பாட்டில்களிலோ, மூன்றாவது வாரத்தில் 35 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் அப்படியொன்றும் வித்தியாசமே இல்லை. வைக்கோல் போட்டவை மட்டும் சூட்டில் தாவித் தாவிப் போயின. கடலைக்கொடி முதல் வாரத்தில் இரண்டு இடத்திலும் கொதித்தது போல வேலை செய்துவிட்டு அடங்கிவிட்டது. ஒரே வயல் மண்ணுக்கு மூன்று க்யூ-10.

மின்வெட்டின் குளறுபடி என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே மின்வெட்டுதானே? “இந்த மண்ணின் க்யூ-10 இவ்வளவு” என்று நான் எழுதியிருந்த வரியை வழிகாட்டி அடித்துவிட்டு, பக்கத்தில் “எதைத் தின்றபோது?” என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த ஆறு மாதத்தில் நான் கற்றது அந்த இரண்டு சொல்தான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் சோறு இருக்கும்வரைதான் பசிக்காரனும் பசியில்லாதவனும் சாப்பிடும் வேகம் வேறு வேறாகத் தெரியும். இலை காலியான பிறகு எவ்வளவு பசியாக இருந்தால் என்ன, இருவர் கையும் சும்மாதான் இருக்கும். சூடு கூடும்போது நுண்ணுயிர்களின் நொதிகள் வேகமாக வேலை செய்யத் தயாராகின்றன. வேலை செய்ய இரை வேண்டும். பல வாரம் எதுவும் போடாமல் பூட்டி வைத்த மண்ணில் எளிதில் கிடைக்கும் இரை தீர்ந்துபோய்விடுகிறது. சூட்டுக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. வைக்கோல் போட்டவுடன் இலையில் சோறு விழுகிறது, சூட்டின் வேகம் வெளியே தெரிகிறது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு விஷயமும் உண்டு. கீரை வதங்க அடுப்பில் தீ கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கொண்டைக்கடலைக்குத் தீ குறைந்தால் வேகவே வேகாது. வேதியியலும் அப்படித்தான் சொல்கிறது: உடைக்கக் கடினமான பொருளுக்குத்தான் சூட்டின் தயவு அதிகம் தேவை. 1889-இல் ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரேனியஸ் எழுதிய சமன்பாட்டிலேயே அது இருக்கிறது. எளிதில் மக்காத லிக்னினும் சிலிக்காவும் ஏறிய நெல் வைக்கோல் கொண்டைக்கடலை ரகம். கடலைக்கொடி கீரை ரகம். ஆக, எளிதான இரை இருந்தால் சூட்டுக்கு அசைவு குறைவு, கடினமான இரை என்றால் அசைவு கூடுதல், இரையே இல்லாவிட்டால் அசைவே இல்லை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே மண்ணில் நடக்கும். பயிர்க்கழிவு போட்டால் க்யூ-10 கூடுகிறது என்று ஒரு கட்டுரையும் குறைகிறது என்று இன்னொன்றும் வருவதைப் பார்த்து ஒரு காலத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது இரண்டு பேரும் சரியாகவே அளந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. என்ன போட்டார்கள், போட்டு எத்தனையாவது நாள் அளந்தார்கள் என்பதை முதலில் பார்க்கிறேன்.

ஊர்க் கணக்குக்கு எனக்குப் பிடித்த ஆராய்ச்சி 1977-இல் வந்தது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டிலும் நைஜீரியாவின் இபதானிலும் கதிரியக்க அடையாளம் ஏற்றிய ஒரே வகைப் புல்லை மண்ணில் புதைத்தார்கள். இங்கிலாந்தில் ஓராண்டு கழித்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கார்பன் மண்ணில் மிச்சம் இருந்தது. இபதானில் அதே கதை அதே வரிசையில் நடந்தது, நாலு மடங்கு வேகத்தில். ஒரு இடத்தின் ஆண்டு சராசரி சுமார் 9 டிகிரி, மற்றது சுமார் 26. கணக்குப் போட்டால் 10 டிகிரிக்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வருகிறது; வான்ட் ஹாஃப் தலை தப்பியது. இரண்டு இடத்திலும் புதுப் புல், அதாவது இலையில் சோறு. சென்னையின் சராசரி 28 டிகிரிக்கும் மேல். சித்தப்பா வயலில் வைக்கோல் தங்கும் காலத்தை அதிலிருந்து ஊகிக்கலாம்.

ஆனால் நம் ஊரில் சூட்டைப் பற்றி ரொம்பப் பேசுவதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் சென்னையின் சராசரியில் 7, 8 டிகிரிதான் வித்தியாசம். குளிர் நாட்டு மண்ணுக்குப் பனிக்காலம் கதவைச் சாத்திவிடுகிறது. இங்கே கதவைச் சாத்துவது வறட்சி. அக்கினி நட்சத்திரத்தில் வெடித்துக் கிடக்கும் வயலில் சூடு உச்சத்தில் இருக்கும், மூச்சோ கிட்டத்தட்ட இருக்காது. முதல் மழை விழுந்தால் சில மணி நேரத்தில் குப்பென்று எழும். மண்வாசனை வருகிற அதே சமயம் மண்ணிலிருந்து கரியமில வாயுவும் பெருக்கெடுத்து வருகிறது. கென்யாவில் வேலை பார்த்த பர்ச் என்பவர் 1958-இல் இதை விரிவாக எழுதினார், அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. காய்ந்தபோது செத்த நுண்ணுயிர்களும், மண்கட்டிக்குள் அடைபட்டிருந்த மக்கும், அதாவது மக்கிப்போன பழைய இலைதழையும், நனைந்தவுடன் பிழைத்தவற்றுக்கு விருந்தாகின்றன. கூடவே தழைச்சத்தும் (நைட்ரஜன்) வெளியே வருகிறது.

இதைப் படித்தபோது எனக்கு உழவு அதிகாரம்தான் ஞாபகம் வந்தது. ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது குறள். வள்ளுவருக்கு எல்லாம் முன்னமே தெரியும் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் இதில் யாரோ வயலில் நின்று பார்த்திருக்கிறார்கள். காயவிட்ட மண்ணில் அடுத்த பயிர் எருப் போட்டது போல எழும்பும். எழுப்பியது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மண் சேர்த்து வைத்திருந்த மக்கிலிருந்து. வருஷா வருஷம் காயவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தால், திரும்ப எதையாவது போட்டாக வேண்டும். தாள் அங்கேதான் வருகிறது.

இந்தத் தாளுக்கு நம்மிடம் ஒரு பருவத்தின் பெயரே இருக்கிறது. டெல்டாவில் குறுவை அறுத்த தாளை மடக்கி அதன் மேல் நடுவதால் அது தாளடி. பெயர் இருக்கிறது என்பதற்காக வேலை சுலபம் என்று இல்லை. அவசரமாக மடக்கி உடனே நட்டால் நாற்று வெளுக்கும். நுண்ணுயிரின் உடம்பில் 8 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். வைக்கோலிலோ 60, 70 பங்குக்கு ஒன்றுதான். பற்றாக்குறைக்கு அது மண்ணில் இருக்கும் தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்கிறது, பயிர் பட்டினி. இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் திருப்பித் தரும். பொறுக்க முடியாதவர்கள் கொஞ்சம் யூரியா தூவுகிறார்கள். தக்கைப்பூண்டு, சணப்பை போன்ற பசுந்தாள் உரப் பயிர்களைச் சேர்த்து மடக்குவது எனக்குப் பிடித்த வழி, கொண்டைக்கடலையோடு கீரை.

இன்னொரு சங்கடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் வைக்கோல் வியாபாரி ஆகிவிடுவேன். மடக்கிய கையோடு தண்ணீர் கட்டினால் மண்ணில் காற்று நின்றுவிடும். கல்லூரியில் ஒரு பாட்டிலில் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டேன். சோடாவில் ஏறிய வாயு குறைந்தது, திறந்தால் சாக்கடை நாற்றம். காற்றில்லாத இடத்தில் வேறு உயிர்கள் கிளம்பி வைக்கோலை மீத்தேனாக மாற்றுகின்றன. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடு பிடித்து வைக்கும் வாயு அது. நெல் வயல் மீத்தேனைக் கணக்கிட ஐ.நா. காலநிலைக் குழு 2006-இல் கொடுத்த வழிமுறையில் இதற்கென்றே ஓர் எண் இருக்கிறது: நடவுக்கு 30 நாளுக்குள் மடக்கிய வைக்கோலை 1 என்று வைத்தால், 30 நாளுக்கு முன்பே மடக்கியது 0.29 தான். அதாவது வயல் காய்ந்து, ஈரம் மட்டும் இருக்கிற நாட்களில் மண் தன் மூச்சை விட்டு முடித்துவிட வேண்டும். சித்தப்பா சொர்ணவாரிப் பருவ நெல்லுக்கு ஏப்ரலில்தான் நாற்று விடுவார். ஜனவரிக் கடைசியில் மடக்கினால் தாராளமாக நேரம் இருக்கிறது.

மடிப்பாக்கத்தில் என் மாடித்தோட்டத்தில் இந்தப் பிரச்சினைகள் எதுவும் கிடையாது, வெயில் ஒன்றைத் தவிர. பொங்கல் முடிந்த மறுநாள் தெருமுனையில் கரும்பு விற்றவர் விட்டுப்போன சோகையை (கரும்புத் தோகை) அள்ளிக்கொண்டு வந்து பைகளுக்கு மூடாக்குப் போடுவேன். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மூடாக்கில்லாத பையில் விரலை விட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். சோகைக்கு அடியில் விரல் நிம்மதியாக இருக்கும். பாட்டிலில் செய்த ஆராய்ச்சியில் தெரியாமல் போவது இதுதான். பாட்டிலில் சூட்டை நான் கொடுத்தேன், வைக்கோல் வெறும் இரை. வயலிலும் மாடியிலும் வைக்கோல் இரையாகவும் இருக்கிறது, குடையாகவும் இருக்கிறது. சூட்டுக்கு மண்ணை அசைய வைக்கிற அதே பொருள், சூடு மண்ணுக்குப் போகாமல் தடுக்கவும் செய்கிறது. ஈரத்தையும் பிடித்து வைப்பதால் மூச்சு கூடலாம். எல்லாம் சேர்ந்து கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

மாசிக் கடைசியில் மறுபடி மதுராந்தகம் போனேன். சித்தப்பா கொளுத்தவில்லை, என் பேச்சினால் அல்ல, வண்டிக்காரர் ஒருவழியாக வந்து பாதியைக் கட்டிக்கொண்டு போயிருந்தார். மீதி நின்றது. இந்த முறை பதிலோடு போயிருந்தேன். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து இருக்கிறது, நெருப்பு வைத்தால் அது கிட்டத்தட்ட முழுசாகப் போகும். மண்ணில் போட்டால் கார்பனில் பெரும்பகுதி காற்றில்தான் போகும், நீங்கள் சொன்னது சரி. ஆனால் போகும் வழியில் கோடிக்கணக்கான உயிர்கள் அதைத் தின்று, பெருகி, செத்து, அந்தச் செத்த உடம்புகள் களிமண்ணில் ஒட்டிக்கொள்கின்றன. மண்ணில் மிச்சமாவது அதுதான்.

“புது இரை போட்டா, ஏற்கெனவே இருக்கற பழைய மக்கையும் சேத்துத் தின்னுடாதா?” என்றார். இந்த மனிதர் படித்திருக்க வேண்டும். 1926-இலேயே லோனிஸ் என்பவர் பசுந்தாள் உரத்தில் இதைக் கவனித்திருக்கிறார் என்றேன். கொஞ்சம் தின்னும். போடுவது அதைவிட அதிகமாக இருந்தால் சரி.

அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. மண்ணு மூச்சு வுடுதா, அதைக் கண்ணால் காட்டு என்றார். பியூரெட்டுக்கு எங்கே போவது? அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பை எடுத்தேன். ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து இரவு தெளியவிட்டு, காலையில் மேலாக இறுத்தேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டில் ஈர மண். ஒன்றில் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து. உள்ளே ஒவ்வொரு மருந்துக் குப்பி மூடியில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். இறுக்கி மூடி மாட்டுக் கொட்டகை மாடத்தில் வைத்துவிட்டு நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் ராத்திரி ஃபோன். குரலில் சந்தோஷம். வைக்கோல் போட்டதில் தண்ணீர் மேல் பாலாடை மாதிரி கட்டியிருக்கிறதாம், வெறும் மண்ணில் லேசாகத்தான் கலங்கியிருக்கிறதாம். பக்கத்து வயல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டாராம். கொளுத்திய வயலின் மண்ணை ஒரு பாட்டிலில் போட்டிருக்கிறார், ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்திருக்கிறார், மொத்தம் ஆறு பாட்டில்.

“மண்ணே போடாம ஒண்ணு வச்சீங்களா சித்தப்பா?”

“வெறும் பாட்டிலா?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அதுல என்னா மூச்சு இருக்கப் போவுது பாப்பா?”